பொது எதிரி செத்த மறுநாள்: பாராமகால் சொல்லும் கூட்டணிப் பாடம்

ஞாயிற்றுக்கிழமை மாலை வகுப்பில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மாதிரி வினாத்தாளில் ஒரு கேள்வி: “1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி ஆங்கிலேயர் பெற்ற பகுதிகள் எவை?” எல்லாரும் சரியாகவே குறித்திருந்தார்கள். மலபார், திண்டுக்கல், பாராமகால். “பாராமகால் எங்கே இருக்கு?” என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. ஒரு தம்பி மட்டும் “கர்நாடகாவா அக்கா?” என்றான்.

நாம் உட்கார்ந்திருக்கிற இடம்தான் தம்பி என்றேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் என்று இந்தப் பக்கம் முழுவதற்கும் அன்றைக்குப் பெயர் பாராமகால்.

அன்று வகுப்பு அதோடு முடியவில்லை. பிள்ளைகள் மனதில் வேறொரு பிரச்சினை இருந்தது. மூன்று வருடம் முன்பு எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கல்குவாரிக்கு எதிராக ஊர்த்தெருவும் காலனியும் ஒரே பந்தலில் உட்கார்ந்து போராடின. ஒரே பாய், ஒரே டீ டம்ளர். குவாரி நின்றது. ஆறு மாதம் கழித்து காலனியில் ஒரு பாட்டி இறந்தபோது, சுடுகாட்டுக்குப் போகிற பாதையை முள்வெட்டிப் போட்டு மறித்தார்கள். மறித்தவர்களில் இரண்டு பேர் அந்தப் பந்தலில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்.

இப்போது ஏரியில் கழிவு கொட்டுவதை எதிர்த்துக் கூட்டுக்குழு அமைக்கலாம் என்று அதே ஊர்த்தெருவிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. போகலாமா, வேண்டாமா? பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். “அவங்க நல்லா நடிச்சாங்க அக்கா” என்றாள் ஒரு தங்கை. எனக்கு அது நடிப்பு என்று தோன்றவில்லை. கூட்டணி என்பதன் இயல்பே அதுதான். அதைப் புரிந்துகொள்ள, சரி என்று குறித்துவிட்டு நகர்ந்துவிட்ட அந்த 1792-ஆம் ஆண்டுக் கேள்விக்கே திரும்பிப் போக வேண்டும்.

மூன்று பேர் சேர்ந்த கதை

1789 டிசம்பர் கடைசியில் திப்பு சுல்தான் திருவிதாங்கூரின் எல்லை அரணைத் தாக்கினார். திருவிதாங்கூர் கிழக்கிந்தியக் கம்பெனியின் நட்பு நாடு. கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸுக்குப் போர் தொடங்க அது காரணம் ஆயிற்று. ஆனால் கம்பெனியால் மைசூரைத் தனியாக வெல்ல முடியாது. பத்து வருடம் முன்பு ஹைதர் அலியிடம் வாங்கிய அடி மறக்கவில்லை. அதனால் 1790 ஜூனில் பூனாவின் பேஷ்வாவோடும் ஜூலையில் ஹைதராபாத் நிஜாமோடும் ஒப்பந்தம் போட்டது.

இந்த மூன்று பேரும் ஒருவருக்கொருவர் நண்பர்களா என்றால், கிடையாது. மராட்டியரும் நிஜாமும் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டவர்கள். நிஜாமின் நாட்டு வருவாயில் நான்கில் ஒரு பங்கை ‘சௌத்’ என்று மராட்டியர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மராட்டியரும் கம்பெனியும் 1782-இல்தான் ஒரு நீண்ட போரை முடித்திருந்தார்கள். மூவரையும் சேர்த்து வைத்த ஒரே ஆள் திப்பு. ஆனாலும் அந்த ஒப்பந்தங்களில் ஒரு விஷயத்தைத் தெளிவாக எழுதி வைத்தார்கள்: பிடிக்கிற நாட்டை மூவரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

போர் நடந்துகொண்டிருந்தபோதே கூட்டணியின் முகம் தெரிந்தது. 1791 மார்ச்சில் பெங்களூரைப் பிடித்த காரன்வாலிஸ், மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போய்விட்டார். ஆனால் படைக்குச் சாப்பாடு இல்லை, மாடுகள் செத்து விழுந்தன. பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். வழியில் மராட்டியப் படை வந்து சேர்ந்தது, கூடவே அவர்களுடைய சந்தையும் வந்தது. தானியம் கிடைத்தது, ஆனால் விலை ஏறக்கிடந்தது. பசியில் கிடந்த கூட்டாளியிடமும் வியாபாரம் வியாபாரமாகத்தான் நடந்தது.

நம் பக்கமும் போர் வந்தது. 1791 நவம்பரில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைக் கம்பெனிப் படை தாக்கித் தோற்றது. தளவாடம், நெல், மாடு என்று படைகள் கடந்துபோன வழியெல்லாம் கிராமங்கள் காலியாயின. அதற்கு முந்தைய மைசூர்ப் போர்களிலும் இந்த மண் மிதிபட்டதுதான். நம் வட்டத்தில் இருக்கும் தென்கரைக்கோட்டையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த மதில்கள் வேடிக்கைக்குக் கட்டியவை அல்ல. கோட்டை இருந்த இடமெல்லாம் யாரோ ஒருவருடைய படை வந்துபோன இடம்.

1792 பிப்ரவரியில் ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகையிடப்பட்டது. மார்ச்சில் உடன்படிக்கை. திப்பு தன் நாட்டில் பாதியை விட்டுக் கொடுக்க வேண்டும், 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தர வேண்டும், பணம் தீரும் வரை தன் இரண்டு சின்ன மகன்களைப் பிணையாக அனுப்ப வேண்டும். துங்கபத்திரை வரையிலான பகுதி மராட்டியருக்கு. கடப்பைப் பக்கம் நிஜாமுக்கு. பாராமகாலும் சேலமும் திண்டுக்கல்லும் மலபாரும் கம்பெனிக்கு. முன்கூட்டியே எழுதி வைத்திருந்ததால் பங்கில் பெரிய தகராறு வரவில்லை.

தகராறு வந்தது, எழுதாமல் விட்ட இடத்தில்.

கூட்டாளி அடுத்த எதிரி ஆனான்

போர் முடிந்ததும் காரன்வாலிஸ் ஒரு யோசனை சொன்னார். ஒருவர் நாட்டை மற்றவர் காப்பதாக மூவரும் உறுதி எழுதிக்கொள்ளலாம் என்றார். நிஜாமுக்குச் சம்மதம். மராட்டியர் மறுத்துவிட்டார்கள். மறுக்காமல் என்ன செய்வார்கள்? திப்பு பாதியாகக் குறைந்துவிட்டார். இனி அவர்கள் வசூலிக்க வேண்டிய பாக்கி நிஜாமிடம்தான் இருக்கிறது.

மூன்றே வருடம். 1795 மார்ச்சில் கர்தா என்ற இடத்தில் மராட்டியப் படை நிஜாமை முறியடித்தது. நிஜாம் கம்பெனியின் முகத்தைப் பார்த்தார். திப்புவுக்கு எதிராக உங்களோடு நின்றேனே என்றார். அப்போதைய கவர்னர் ஜெனரல் ஜான் ஷோர் கை விரித்துவிட்டார். மராட்டியரிடமிருந்து உங்களைக் காப்போம் என்று எங்கும் எழுதவில்லையே என்பதுதான் அவர் நிலை. 1790-இல் ஒன்றாகப் போருக்குப் போன மூவரில், ஐந்து வருடத்தில் ஒருவர் அடித்தார், ஒருவர் அடி வாங்கினார், ஒருவர் வேடிக்கை பார்த்தார்.

அதற்குப் பிறகு கதை வேகமாக ஓடுகிறது. பயந்துபோன நிஜாம் 1798-இல் வெல்லெஸ்லியின் துணைப்படைத் திட்டத்தில் கையெழுத்துப் போட்டார். கம்பெனிப் படை ஹைதராபாத்தில் உட்கார்ந்தது, செலவு நிஜாமுடையது. 1799 மே 4-இல் திப்பு கொல்லப்பட்டார். அடுத்த வருடமே, அந்தப் படைச் செலவுக்கென்று, 1792-இலும் 1799-இலும் மைசூரிலிருந்து கிடைத்த பங்கையெல்லாம் நிஜாம் கம்பெனிக்கே எழுதிக் கொடுத்தார். பெல்லாரி, அனந்தப்பூர், கடப்பைப் பகுதிகளை ‘கொடுக்கப்பட்ட மாவட்டங்கள்’ என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். போரில் பங்காளி, எட்டு வருடத்தில் பங்கை இழந்தவன்.

மராட்டியர் கதி? 1803-இல் அவர்கள்மேல் போர். 1818-இல் பேஷ்வா ஆட்சியே முடிந்தது.

1818 என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். ஜனவரி 1, பீமா கோரேகாவ். மகர் வீரர்கள் பேஷ்வாவின் பெரும்படையை எதிர்த்து நின்ற நாள். அன்று அந்தச் சிறு படையோடு நின்ற இரண்டு பீரங்கிகள் சென்னைப் பீரங்கிப் படையைச் சேர்ந்தவை. நாம் கோரேகாவைத் தனியாக நினைவுகூர்கிறோம். ஆனால் அது ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தொடங்கிய சங்கிலியின் கடைசிக் கண்ணிகளில் ஒன்று. 1791-இல் காரன்வாலிஸின் பசிக்குத் தானியம் விற்ற அதே அரசைத்தான் 1818-இல் கம்பெனி ஒழித்தது. திப்பு இருந்தவரை மராட்டியர் கூட்டாளி. அவர் போனதும் கம்பெனிக்குப் போட்டியாக மிச்சம் இருந்தவர்கள் அவர்கள்தான்.

உடன்படிக்கையில் இல்லாதவர்கள்

இதுவரை சொன்னது ராஜாக்கள் கதை. நம் ஆட்கள் எங்கே?

எல்லா இடத்திலும் இருந்தார்கள். கம்பெனியின் சென்னைப் படையில் பறையர் சிப்பாய்கள் இருந்தது பதிவான செய்தி. பாதை போட, குழி வெட்ட என்று இருந்த ‘பயனீர்’ படையிலும் இருந்தார்கள். ஒரு சிப்பாய்க்குப் பின்னால் டோலி தூக்க, புல் வெட்ட, மாடு ஓட்ட என்று பல பேர் நடக்க வேண்டும். செருப்பும் சேணமும் தண்ணீர்ப் பையும் தோல்தான். அந்தத் தோலைப் பதனிட்டுத் தைத்த கைகள் யாருடையவை என்று சொல்லத் தேவையில்லை.

உடன்படிக்கை முடிந்ததும் பாராமகாலை நிர்வகிக்க கேப்டன் அலெக்சாண்டர் ரீட் வந்தார். அவருக்குக் கீழே மூன்று உதவியாளர்கள். அதில் ஒருவர் தர்மபுரியில் தங்கி ஏழு வருடம் வேலை பார்த்த தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னை மாகாண கவர்னர் ஆனவர். நிலத்தை அளந்து, மண்ணைத் தரம் பிரித்து, ஒவ்வொரு உழவனோடும் நேரடியாக வரி பேசும் ரயத்துவாரி முறை முளைத்த மண் இதுதான். நடுவில் சில வருடம் நிலத்தை மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். மிட்டாரெட்டிஅள்ளி போன்ற ஊர்ப்பெயர்களில் அந்த ‘மிட்டா’ இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு ரயத்துவாரியே நிலைத்தது.

பாராமகால் பதிவேடுகள் என்று பெரிய தொகுப்பு இருக்கிறது. அதில் இங்கு வாழ்ந்த மக்களைப் பற்றித் தனிப் பகுதியே உண்டு. எந்தச் சாதி, என்ன தொழில், என்ன வழக்கம் என்று எழுதி வைத்தார்கள். ஆனால் பட்டா யார் பெயரில் போனது? ஏற்கெனவே நிலத்தைக் கையில் வைத்திருந்த சாதிகளின் பெயரில். அந்த நிலத்தில் இறங்கி உழுத பண்ணையாள் ‘உழவன்’ என்ற கணக்கில் வரவில்லை. ஆட்சி மாறியது, வரி வாங்கும் கை மாறியது, சேற்றில் நின்ற கால் மாறவில்லை.

செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதியது 1891-இல். ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை, நாம் பஞ்சமி நில ஆணை என்று சொல்வது, வந்தது 1892 செப்டம்பர் 30-இல். உடன்படிக்கை 1792, பஞ்சமி ஆணை 1892. சரியாக நூறு வருடம். வென்ற கூட்டணியில் சுமை தூக்கியவர்களுக்கு நிலம் என்ற பேச்சு காகிதத்தில் வர ஒரு நூற்றாண்டு ஆனது. வந்த நிலமும் என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும்.

1945-இல் அதே பாடம்

இரண்டாம் உலகப் போரை இந்தக் கண்ணோடு பாருங்கள். ரஷ்யப் புரட்சியை நசுக்கப் படை அனுப்ப வேண்டும் என்று 1919-இல் துடித்தவர் சர்ச்சில். 1941 ஜூன் 22-இல் ஹிட்லர் சோவியத் நாட்டுக்குள் நுழைந்தார். அன்றிரவே வானொலியில் பேசி, சோவியத்துக்கு உதவுவோம் என்று சொன்னவரும் அதே சர்ச்சில்தான். அமெரிக்காவும் சேர்ந்தது. மூவரையும் சேர்த்தது ஹிட்லர்.

1945 பிப்ரவரியில் யால்டாவில் மூவரும் கூடினார்கள். ஜெர்மனியை எப்படிப் பிரிப்பது என்பதில் உடன்பாடு வந்தது. போலந்தில் சுதந்திரமான தேர்தல் என்று எழுதினார்கள், ஆனால் யார் நடத்துவது, யார் மேற்பார்வை என்பது மங்கலாகவே நின்றது. அந்த மங்கலில்தான் சண்டை பிறந்தது. மே மாதம் ஜெர்மனி சரணடைந்தது. 1946 மார்ச் 5-இல் அமெரிக்காவின் ஃபுல்டனில் நின்று, ஐரோப்பாவின் குறுக்கே இரும்புத் திரை விழுந்துவிட்டது என்றார் சர்ச்சில். 1948-இல் பெர்லின் முற்றுகை. 1949-இல் நேட்டோ. ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து கர்தாவுக்கு மூன்று வருடம். பெர்லின் வீழ்ச்சியிலிருந்து பெர்லின் முற்றுகைக்கும் மூன்று வருடம்.

அம்பேத்கர் எழுதி வாங்கியது

அந்த ஃபுல்டன் பேச்சுக்குப் பத்தொன்பது நாள் கழித்து, மார்ச் 24-இல், பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு இந்தியா வந்து இறங்கியது. இங்கே நம் கதையும் உலகக் கதையும் சேருகின்றன.

போர்க்காலத்தில் பிரிட்டிஷாருக்கு ஆள் வேண்டியிருந்தது. முதல் உலகப் போரின்போது 1917-இல் எழுப்பிய மகர் படைப்பிரிவை, போர் முடிந்தபின் 1921-இல் கலைத்தவர்கள் அவர்கள். மறுபடியும் ஜெர்மனியும் ஜப்பானும் கதவைத் தட்டியதும் 1941-இல் மகர் ரெஜிமென்ட், 1943-இல் சமார் ரெஜிமென்ட் எழுந்தன. ஜப்பானோடு மோதிய சமார் ரெஜிமென்ட் 1946-இல் கலைக்கப்பட்டது. எதிரி விழுந்ததும் ‘நன்றி, போய் வாருங்கள்’.

1942 ஜூலையில் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர் ஆனார். அதே மாதம் நாக்பூரில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு உருவானது. அதன் தலைவர் நம் சென்னையைச் சேர்ந்த என். சிவராஜ். நாஜிகள் வென்றால் உலகில் யாருக்கும் விடுதலை இல்லை என்பது அம்பேத்கரின் தெளிவு. அதனால் போரை ஆதரித்தார். ஆனால் வெறும் நன்றிக்காகக் காத்திருக்கவில்லை. 1942 அக்டோபரிலேயே பட்டியல் சாதியினரின் குறைகளை விரிவாக எழுதி வைஸ்ராயிடம் மனுவாகக் கொடுத்தார். 1943-இல் மத்திய அரசுப் பணிகளில் 8.33 சதவீத இட ஒதுக்கீடு வந்தது. 1944-இல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகை தொடங்கியது.

கல்லூரியில் நீங்கள் வாங்குகிற போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்பின் வேர் அதுதான். அது போர் நடந்துகொண்டிருந்தபோது, அவர்களுக்கு நம் தேவை இருந்தபோது, எழுதி வாங்கியது.

எழுதி வாங்க முடியாமல் போனது எது? அரசியல் பங்கு. போருக்குப் பின் அமையும் ஆட்சியில் பட்டியல் சாதியினர் தனி அரசியல் தரப்பு என்ற அங்கீகாரம். 1946 மே 16-இல் தூதுக்குழு தன் திட்டத்தை வெளியிட்டது. அதில் பொது, முஸ்லிம், சீக்கியர் என்று மூன்று பிரிவு மட்டுமே. நம் பெயர் இல்லை. போரில் வென்று களைத்துப்போன பிரிட்டனுக்கு இனி காங்கிரசோடும் லீக்கோடும் பேசி வெளியேறுவதுதான் வேலை. நம் தேவை முடிந்திருந்தது. அந்த வருடம் கூட்டமைப்பு சத்தியாகிரகம் நடத்தியது. அம்பேத்கர் லண்டன் வரை போய் முறையிட்டார். அசையவில்லை. அரசியல் நிர்ணய சபைக்குள் அவர் நுழைந்தது வங்காளத்தில் ஜோகேந்திரநாத் மண்டல் முதலானோர் தந்த ஆதரவால். வெள்ளைக்காரன் விட்டுப்போன இடத்தை நம் ஆட்களின் ஓட்டு நிரப்பியது.

இதை வைத்து அவர் போரை ஆதரித்ததே தவறு என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூட்டணிக்குள் இருந்ததால்தான் 1943-உம் 1944-உம் சாத்தியமாயின. எதிரி உயிரோடு இருக்கும்போது வாங்கியது நின்றது. எதிரி செத்தபின் தருவார்கள் என்று விட்டது போனது. நிஜாமுக்கும் அதேதான் நடந்தது. எழுதிய பங்கு 1792-இல் கிடைத்தது, எழுதாத பாதுகாப்பு 1795-இல் கிடைக்கவில்லை.

அப்படியென்றால் ஏரிக்குப் போகலாமா?

போகலாம் என்றுதான் சொன்னேன். ஏரி நமக்கும் தண்ணீர். கழிவு சாதி பார்த்து நோய் தராது. துரோகம் செய்தவர்கள் என்று ஒதுங்கி உட்கார்ந்தால் நஷ்டம் நமக்குத்தான். ஆனால் பந்தலில் ஒரே பாயில் உட்கார்ந்ததை உறவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பொது எதிரி இருக்கும்வரை நீடிப்பது ஒரு தேவை. தேவை இருக்கும்போதுதான் பேரம் பேச முடியும்.

குவாரிப் போராட்டத்தில் நாம் செய்த தவறு இதுதான் தோழர்களே: ஒன்றும் கேட்கவில்லை. ஒற்றுமையைக் கெடுக்க வேண்டாம், சுடுகாட்டுப் பாதையை அப்புறம் பேசிக்கலாம் என்றார்கள். நாமும் சரி என்றோம். குவாரி நின்ற அன்றே நம் பேரம் முடிந்துபோனது. ‘அப்புறம்’ என்று யாராவது சொன்னால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சின்ன ஊர்க் கமிட்டியானாலும் பெரிய தேர்தல் கூட்டணியானாலும் அந்தச் சொல்தான் நம்மை ஏமாற்றுகிறது.

அன்று இரவு பிள்ளைகளே உட்கார்ந்து மூன்று நிபந்தனை எழுதினார்கள். ஒன்று, சுடுகாட்டுப் பாதையை அளந்து வருவாய்த்துறைப் பதிவில் ஏற்றக் கோரும் மனுவில் ஊர்த்தெருப் பெரியவர்களும் கையெழுத்துப் போட வேண்டும், அதுவும் முதல் கூட்டத்திலேயே. இரண்டு, கூட்டுக்குழுவின் தீர்மானத்தில் கையெழுத்திடும் பொறுப்பாளர்களில் இரண்டு பேர் காலனியிலிருந்து, அதில் ஒருவர் பெண். மூன்று, ஏரிப் பிரச்சினை தீர்ந்தாலும் பாதைப் பிரச்சினை தீரும் வரை குழு கலையக் கூடாது.

“அவங்க நடிச்சாங்க” என்று சொன்ன தங்கைதான் கடைசியில் அந்தத் தாளை நகல் எடுத்து வந்தாள். ஒன்று அவர்களுக்கு, ஒன்று நமக்கு. கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை. சம்மதம் வந்தால் சேர்ந்து போராடுவோம். வராவிட்டால் ஏரிக்காக நாம் தனியாக மனு கொடுப்போம். ஆனால் எழுத்தில்லாத பாயில் இனி உட்கார மாட்டோம்.

ஜெய்பீம்!